பன்னிரண்டாவது கோடு

டேங்க் மூடியைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.

இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற மூடி.

உச்சி வெயில். ஷெட் வாசலில் வண்டி நிற்கிறது. பக்கத்தில் முதலாளியின் மகன் கிரிதரன். ஒரு கையில் செல்போன், மறு கையில் மூங்கில் குச்சி.

வண்டியில் டீசல் மீட்டரின் முள் செத்து மூன்று வருடம் ஆகிறது. குச்சிதான் கணக்கு. ஒரு கோட்டுக்கு இருபது லிட்டர்.

காலையில் கிரிதரன் தானே குச்சி விட்டுப் பார்த்திருந்தான். இரண்டு கோடு. பிறகுதான் டீசல் கார்டைக் கொடுத்து, "இருநூறு போட்டுட்டு நேரா இங்கயே வாங்கண்ணா" என்றான்.

எதற்கு நேராக என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஷெட்டை விட்டு வலப்பக்கம் திரும்பினால் பங்க். பம்புக்காரன் வழக்கம்போலக் கண்ணைக் காட்டினான். இவனும் வழக்கம்போலத் தலையை ஆட்டினான். கார்டில் இருநூறு லிட்டர். டேங்கில் நூற்றறுபது. மீதி நாற்பதுக்கு, பம்புக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு, நோட்டாகக் கொடுத்தான்.

பழக்கதோஷம். இன்று ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் என்ன?

நோட்டு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் மேல் துண்டை இழுத்து விட்டுக்கொண்டான்.

முன்பெல்லாம் வழிச்செலவுக்கு ரொக்கம் தருவார்கள். கார்டு வந்த பிறகு அது நின்றுவிட்டது. எதற்கும் பில் கொண்டு வாருங்கள் என்கிறான் கிரிதரன். செக்போஸ்டில் கை நீட்டுகிறவர்கள் பில் தருவதில்லை. இதை எத்தனை தரம் சொல்வது?

ஆனால் எல்லாமே செக்போஸ்டுக்குப் போனது என்று சொன்னால் பொய். பாதி வீட்டுக்கும் போனது. அடுத்த வாரம் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு நல்ல புடவையாவது வைக்க வேண்டாமா?

"நாலு மாசமா வண்டி மைலேஜே தர்றதில்லீங்ணா" என்றான் கிரிதரன். "இன்னைக்குக் குச்சியில கொறஞ்சுதுன்னா, ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்புல உங்க லைசென்ஸைப் போட்டுருவேன். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

போட்டுவிட்டால் தீர்ந்தது. சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஒருவரும் சாவி தர மாட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு?

பயம் என்றால் அப்படியொரு பயம்.

கை தானாக மூடியைத் திறந்தது.

"குடு கண்ணு. உனக்குக் குச்சி உடத் தெரியாது."

ஷெட்டுக்குள்ளிருந்து முதலாளி செங்கோடன் வந்தார். மகன் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டார்.

செங்கோடனும் டிரைவராக இருந்து முதலாளியானவர்தான். வேறொருவரின் வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டினார். ஒரு நாள் ராய்ப்பூரில் அந்த வண்டியை விட்டு இறங்கி, ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தார் என்பார்கள். பாதி வழியில் ஏன் இறங்கினார் என்று எவரும் கேட்டதில்லை.

குச்சி உள்ளே போனது. அடியில் தட்டியது. வெளியே வந்தது.

பத்தாவது கோடு வரை ஈரம்.

அவன் பார்த்தான். செங்கோடனும் பார்த்தார்.

கிரிதரன் குனிந்து, கார்டு தேய்த்ததற்கு வந்த மெசேஜை செல்போனில் தேடிக்கொண்டிருந்தான்.

செங்கோடனின் கட்டைவிரல் ஈரத்தின் மேல் அமர்ந்தது. மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போனது.

பதினொன்று.

பன்னிரண்டு.

அந்த விரலை அவனுக்குத் தெரியும். கார்டு இல்லாத காலத்தில் டிரைவர்கள் முதலாளிகளுக்குக் காட்டிய வித்தை. வண்டி ஓட்டிப் பிழைக்காதவனுக்கு அது வராது.

"பன்னெண்டு. சரியாத்தான் இருக்குது, பாரு."

கிரிதரன் நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டாவது கோடு வரை மூங்கில் கறுத்திருந்தது. பையனின் முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சுக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

செங்கோடன் அவன் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து விரலைத் துடைத்தார். துண்டு விலகிச் சட்டைப் பை தெரிந்தது. அவர் ரோட்டைப் பார்த்தார்.

"நான் வண்டி ஓட்டறப்ப எங்க மொதலாளிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றார்.

குச்சியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவரும் உள்ளே போனார்.

அவன் வெயிலில் நின்றான்.

குச்சியில் மேல் இரண்டு கோடுகள் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. பத்தாவது கோடு வரைக்கும் ஈரம் அப்படியே இருந்தது.

குச்சியைச் சீட்டுக்கு அடியில் செருகினான். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

சிமெண்ட் லோடு ஏற்ற இடப்பக்கம் போக வேண்டும்.

ஸ்டீயரிங்கை வலப்பக்கம், பங்க் இருக்கும் பக்கம் ஒடித்தான்.