கை பட்ட பந்து

ஆடுவதற்கு ஆளில்லாமல் ஸ்னூக்கர் கிளப்பின் எட்டு மேசைகளில் ஏழு வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. எட்டாவது மேசையில் மரியசெல்வம் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளி இருபது வயதுப் பையன். அவனோடு வந்த மூவரும் பந்துகளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே நடுவர் கிடையாது. சட்டைக் கை தப்பித்தவறிப் பந்தில் பட்டுவிட்டால் பட்டவரே, "தொட்டுட்டேன்" என்று சொல்லி, தன் முறையை விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்வார். முப்பது வருஷ வழக்கம். சற்று முன்பு பையனின் முழங்கை இடித்து ஒரு சிவப்புப் பந்து நகர்ந்தது. சொல்வான் என்று மரியசெல்வம் காத்திருந்தார். அவன் பாட்டுக்கு அடுத்த பந்தைக் குறிபார்த்தான்.

"தம்பி, கை பட்டுச்சே."

அவன் நிதானமாக நிமிர்ந்தான். "எவன் பாத்தான் அண்ணாச்சி?"

மூவரில் ஒருவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஏசி வெளிய போவுதுல்லா," என்று சிரித்தான். அந்த ஏசி ஓடி இரண்டு வருஷமாகிறது.

"நாந்தான் சரியா கவனிக்கல போல," என்றார் மரியசெல்வம்.

அவர் முறை வந்தது. மேசைமேல் குனிந்தார். சட்டைக் கை உரசி நீலப் பந்து கொஞ்சம் உருண்டு நின்றது. பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. நான்கு பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். அவர் அதை மூடிக்கொண்டு குறிபார்த்தார்.

"அப்பிடி வாங்க வழிக்கு," என்றான் பையன், பிரியமாக.

கதவைச் சாத்தியவன் எழுந்துபோய் அதைத் திறந்துவிட்டான்.