திரையின் மூலையில் ஒரு தேதி

மேசைமேல் என் மனைவியின் மடிக்கணினி திறந்திருக்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்து, விசைகளுக்கு நடுவே படிந்த தூசியைக் காட்டுகிறது. மனைவியின் தங்கைக்கு இரண்டு மணிக்கு ஆன்லைன் தேர்வு. இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஏறினால்தான் தேர்வு மென்பொருள் திறக்கும். மூன்று முறை முயன்றும் பதிவிறக்கம் தொடங்கவில்லை. "உங்க வீட்டு மோடமும் உங்கள மாதிரியே இருக்கு, மாமா. கூப்பிட்டா பதிலே இல்ல," என்றபடி அதை மறுபடி அணைத்துப் போடுகிறாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. கோளாறு மோடத்தில் இல்லை. அது தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவள் விரல் திரையின் மூலையில் போய் நிற்கிறது. "அட, இதுல இன்னும் போன வருஷமே ஓடிட்டிருக்கு! தேதி தப்பா இருந்தா சர்வரோட பாதுகாப்புச் சான்றிதழ இது எப்படி ஏத்துக்கும், எப்படி டவுன்லோட் ஆகும்? உள்ள கடிகாரத்துக்கான பேட்டரி போயிடுச்சா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம். "இல்ல. நான்தான் தினமும் மாத்தி வைக்கிறேன்." அவள் அந்தத் தேதியை மறுபடி படிக்கிறாள். அவளுடைய அக்கா இறந்ததற்கு முந்தின நாள். "அன்னிக்கு சாயங்காலமே நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. காலையில டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன்," என்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது. கணினியை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். "நீங்களே மாத்துங்க. மணி ஒண்ணாகுது." இன்றைய தேதியைப் போடுகிறேன். பதிவிறக்கம் தொடங்குகிறது. நான்கு சதவீதம், ஐந்து சதவீதம். அவள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.