சந்தனப் பொட்டு

கணவனும் மனைவியுமாகக் கட்டிய விமானத்துக்கு இனி மூக்கில் சுழலும் ஈரிறக்கைப் புரொப்பெல்லர் மாட்டுவதுதான் பாக்கி. கொட்டகையில் இரண்டு இருந்தன. ஒன்று விலைக்கு வாங்கியது, மற்றது தணிகாசலம் தன் கையால் தேக்கில் இழைத்தது. நாளை ஓட்டப்போகிறவள் அவன் மனைவி கோமளா. தேக்குதான் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

இரண்டின் நடுத்துளையையும் கம்பியில் கோத்து, எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று தணிகாசலம் கடைசியாக ஒருமுறை பார்த்தான். வாங்கியது எப்படித் திருப்பினாலும் ஒரே இறக்கையைத்தான் கீழே தொங்கவிட்டது. நேற்றுவரை விட்ட இடத்தில் நின்ற தேக்கும் இன்று மெல்லச் சாய்ந்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"மரம் ஈரம் குடிச்சிருச்சு. கனத்த பக்கத்தத் தேச்சுடறேன்" என்று உப்புத்தாளை எடுத்தான்.

"கைய வைக்காதீங்க!" என்று கோமளா தடுத்தாள்.

சாய்ந்த இறக்கையின் நுனியில் காலையில் ஆயுத பூஜைக்கு அவள் அப்பிய சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. வாங்கியதற்கு அவள் பொட்டே வைக்கவில்லை. தேக்கிலிருந்த பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்து, இறக்கையைப் படுக்கைவாட்டில் நிறுத்திக் கையை எடுத்தாள். தேக்கு அசையவில்லை.

"ஒரு பொட்டக்கூட மறைக்கத் தெரியல இதுக்கு. இத நம்பி ஏறலாம், மாட்டுங்க."

மாட்டி முடித்ததும் கிண்ணத்துச் சந்தனத்தை வழித்து, புரொப்பெல்லரின் நட்டநடுவில் பெரிதாக வைத்தாள்.

"சுத்துறப்ப றெக்க கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு எதிர நின்னு, இந்தப் பொட்டு எறங்கி வர்றத மட்டும் பாருங்க."