ஐம்பத்தேழின் கடைசிப் பக்கம்

“முதல்ல இந்தக் கோழியே தப்பு” என்றார் மெர்வின் பெங்கெல்லி. “நேவி ஹெலிகாப்டர் மேல கோழியை உக்கார வெக்கணும்னு யாருக்கும்மா தோணுச்சு?”

“கோழியை விடுங்க சார். மத்ததைப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் கெரென்சா. செல்போனை அவர் பக்கம் நீட்டினாள்.

மெர்வின் அதைக் கையில் வாங்கவில்லை. நகக்கண்ணில் மண்ணோடு வருகிறவர்களின் சாமானை அவர் தொடுவதில்லை. மேசை ஓரத்தில் வைக்கச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார்.

இங்கிலாந்தின் ஹெல்ஸ்டன் ஊர்த் தேவாலயக் கூடத்தில் அன்று மாடல் சந்தை. கார், ரயில், விமானம் என்று இருபது மேசைகள். மெர்வினின் மேசையில் கடற்படை ஹெலிகாப்டர்கள் மட்டும்தான். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் உலோக வார்ப்பு மாடல்கள். எல்லாம் பிரிக்காத பெட்டியில். பெட்டியைப் பிரிப்பவர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை.

செல்போன் திரையில் புல்லும் காஞ்சொறிச் செடியுமாக ஒரு மூலை தெரிந்தது. நடுவில் சாயம் உரிந்த, வெசெக்ஸ் ரக ஹெலிகாப்டர் ஒன்று. மேலே விசிறி இல்லை, கோழிதான் இருந்தது. கண்ணாடி இல்லை.

“அப்பா விட்டுட்டுப் போனது” என்றாள் கெரென்சா. “இடத்தை அடைக்குதுன்னு தம்பி கத்துறான். மதியம் பழைய இரும்புக்காரர் வர்றாரு. ஹெலிகாப்டர்னா உங்களைத்தான் கேக்கணும்னு தபால் ஆபீஸ்ல சொன்னாங்க. வெச்சுக்கலாமா, போட்டுடலாமா?”

“பெட்டி இருக்கா?”

கெரென்சா அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. “இதுக்கா? பெட்டியெல்லாம் இல்ல சார்.”

“கேட்டியா சிரில்? பெட்டி இல்லையாம்.”

பக்கத்து மேசைக்காரர் சிரில் குங்குமப்பூ ரொட்டியை மென்றுகொண்டே திரும்பினார். “பெட்டி இல்லாதவங்களும் பொழைச்சுத்தான் கெடக்காங்க மெர்வின்.”

மெர்வின் மறுபடி குனிந்தார். “நேவிக்காரங்க அடிக்கிறது நீலச் சாம்பல். இந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சு?”

“அப்பா அடிச்சாரு. கேட்டுக்கு அடிச்சதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.”

மெர்வின் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி, இந்த அழுக்கைப் பாருங்க. மழைத்தண்ணி வழிஞ்ச மாதிரி காட்டணும்னு பாத்திருக்காங்க, வரல. துரு இப்படியா இறங்கும்? நிஜ ஹெலிகாப்டரை வாழ்க்கையில ஒரு தடவை கிட்டப் போய்ப் பாத்தவன் இப்படிச் செய்வானா?”

கெரென்சா தயங்கினாள். “பச்சைக்கு அடியில சொரண்டிப் பாத்தேன் சார். அம்பத்தேழுன்னு நம்பர் இருக்கு.”

மெர்வின் நிமிர்ந்தார். அவர் மேசையின் நடுவில் தனியாக, துணி விரித்து வைத்திருந்ததும் ஐம்பத்தேழுதான். 1974 குளிர்காலத்தில், அலை கொந்தளித்த ஒரு விடியலில், மூழ்கும் படகிலிருந்து ஏழு மீனவர்களைத் தூக்கி வந்த ஹெலிகாப்டரின் மாடல் அது. அந்த ஹெலிகாப்டரின் வரலாற்றைத்தான் அவர் பதினோரு வருடமாக எழுதிவருகிறார்.

நாற்பத்தாறு பக்கங்கள் முடிந்துவிட்டன. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கம் மட்டும் காலி. 1988 ஏலத்தில் போன ஐம்பத்தேழை யார் வாங்கினார், இப்போது எங்கே இருக்கிறது என்று எந்த ஏட்டிலும் இல்லை. அது தெரியாமல் அச்சுக்குக் கொடுப்பது மெர்வினுக்குத் தொண்டையில் முள் மாதிரி இருந்தது.

“ஏன் மெர்வின், கடைசிப் பக்கம் இன்னும் காலிதானா?” என்றார் சிரில். “ஒரு முழு ஹெலிகாப்டரைத் தொலைச்ச ஊருய்யா இது.”

அந்த எரிச்சலும் கெரென்சாவின் மேல்தான் திரும்பியது.

“அம்பத்தேழுன்னு எவன் வேணா எழுதலாம்மா. இந்த மாதிரி போலி அம்பத்தேழு நாப்பது பாத்துட்டேன். ஒண்ணுகூட உருப்படி இல்ல.”

“கதவுக்குக் கீழ ஒரு ஒட்டுத்தகடு இருக்கு சார். படத்தைப் பெரிசு பண்ணிக் காட்டட்டுமா?”

“வேண்டாம். அம்பத்தேழோட படம் எங்கிட்ட முந்நூறு இருக்கு. ஒண்ணுலயும் ஒட்டு கிடையாது. செஞ்சவனுக்குக் கை கோணிடுச்சு, அதை மறைக்க ஒட்டு போட்டிருக்கான்.”

“அப்போ வெச்சுக்க வேண்டாங்கிறீங்க.”

“இரும்புக்காரர் எடுத்துக்கிட்டார்னா அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க. நல்ல மனசுக்காரர்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். போனா திரும்பாது. அப்பா சாகுற வரைக்கும் தினமும் போய்த் தொடச்சுட்டு வருவாரு.”

“நாப்பது வருஷமா இதுதாம்மா என் வேலை. பாத்ததும் தெரியும் எனக்கு.”

கெரென்சா பெருமூச்சு விட்டாள். ஒரு முடிவு கிடைத்த நிம்மதியும் அதில் கொஞ்சம் இருந்தது. நன்றி சொல்லி, செல்போனை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

செல்போன் இருந்த இடத்தை மெர்வின் கைக்குட்டையால் துடைத்தார். “என்னென்னத்தையோ தூக்கிட்டு வந்துடுறாங்க” என்றார் சிரிலிடம். பிறகு தன் கைப்பிரதியை எடுத்து, காலிப் பக்கத்தைத் திறந்தார். வேறு வழியில்லை. ‘ஐம்பத்தேழு இனிக் கிடைக்கப்போவதில்லை’ என்று எழுதினார்.

வாசலில் நின்று கெரென்சா செல்போனில் தம்பியிடம் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

“ஜாகோ, பெரியவரைக் கேட்டுட்டேன், ஒண்ணுத்துக்கும் ஆகாதாம். வாலை அறுத்தாத்தான் லாரியில ஏறும்னா, அறுத்துக்கச் சொல்லு.”