ஐந்தாவது சீட்டு

அம்மா ஐந்து நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தாள். நாங்கள் நான்கு பேர்தான்.

அண்ணன் ஃபெர்மின் அவள் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த தாள்களை இரண்டு முறை எண்ணினான். அண்ணி பெகோன்யாவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. அம்மா இன்னும் அவரையும் சேர்த்தே எண்ணுகிறாள் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.



அல்ஹம்ப்ரா கோட்டையின் உள் அரண்மனைக்குப் பதினொன்றரை மணி என்று சீட்டில் போட்டிருந்தது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் போனதுதான். அரை மணி முன்பே வந்து வரிசையில் நின்றுவிட்டோம். கோட்டைச் சுவரின் சிவப்பு வெயிலில் ஏறிக்கொண்டே வந்தது.

முந்தின நாள் ஹயேனில் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே பெகோன்யா அதைக் கவனித்திருந்தாள். பாத்திரத் தொட்டியில் இரண்டு காப்பிக் கோப்பைகள். எங்களைத் தனியாக அழைத்துச் சொன்னபோது அண்ணன் அந்தக் கோப்பைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இனி ஒரு மாதம்கூட அம்மாவை இங்கே விட்டுவைக்கக் கூடாது என்றான்.

உண்மையில் இந்தப் பயணமே அதற்குத்தான். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அதை விற்றுவிட்டு அவள் மாட்ரிட்டுக்கு அண்ணனோடு வந்துவிட வேண்டும். தொலைபேசியில் மூன்று முறை கேட்டுப் பார்த்தான். மூன்று முறையும் அவள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டாள். அதனால் நல்ல இடமாக ஒன்று காட்டி, நல்ல மதியச் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவதாகத் திட்டம். விற்பனைத் தாள்கள் காரில் இருந்தன.

அறுபத்துமூன்று வயதில், மூன்றாம் மாடியில், தனியாக. அண்ணனின் வாதம் இந்த மூன்றோடு முடிந்துவிடும். கடைசிச் சொல்லைத்தான் அழுத்திச் சொல்வான்.

நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். வலென்சியாவில் இருந்துகொண்டு தலையாட்டுவது சுலபம்.

வரிசை நகரவில்லை. அண்ணன் கைபேசியைப் பார்த்து அரண்மனையின் கதையைப் படிக்க ஆரம்பித்தான். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். கடைசி ராஜா எதிர்த்து நிற்க முடியாமல் சாவியை ஒப்படைத்துவிட்டு மலையேறிப் போனது, திரும்பிப் பார்த்து அழுதது.

அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அழுறவன் சாவிய எதுக்குடா குடுத்தான்?" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். வைக்கோல் தொப்பி, நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். அம்மா திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டினாள். அவர் அந்த உள்ளங்கையில் கொஞ்சம் விதையைக் கொட்டினார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் வாங்கித் தின்னும் பழக்கம் அம்மாவுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. அண்ணன் பெருமூச்சு விட்டான். அதையும் அவன் மனத்தில் குறித்துக்கொண்டிருப்பான்.

அம்மா விதையை உடைத்து, உமியைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றரைக்கு வரிசை நகர்ந்தது. வாசலில் நின்ற காவல்காரப் பெண் சீட்டிலிருக்கும் பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொருவராக விட்டாள். அம்மா, அண்ணன், பெகோன்யா, நான். நான்கும் சரி.

அம்மா ஐந்தாவது தாளையும் நீட்டினாள்.

அண்ணன் அந்தப் பெண்ணை நோக்கிக் குனிந்தான். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அத விட்டுருங்க. எங்க அப்பாவுக்கு வாங்கிட்டாங்க. அவர் இப்போ இல்ல. அம்மாவுக்கு அப்பப்போ நினைவு தப்பிடுது."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு எங்கள் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எலாடியோ மொரால்?" என்று கூப்பிட்டாள்.

எங்கள் அப்பாவின் பெயர் விசென்தே.

பின்னாலிருந்தவர் தொப்பியைக் கழற்றினார். தலைமுடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து தன் அட்டையைக் கொடுத்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. அம்மாவின் காதுகள் சிவக்கவில்லை.

அந்தப் பெண் பெயரைச் சரிபார்த்துவிட்டு அட்டையைத் திருப்பி நீட்டினாள். நடுவில் அண்ணன் கை புகுந்து அதை வாங்கியது. இரண்டு முறை அந்தப் பெயரைப் படித்தான். இவர் யார், எந்த ஊர், எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தான்.  அட்டையைத் திருப்பிப் பார் என்று அம்மா விரலால் ஜாடை காட்டினாள்.

அவன் திருப்பினான். அவன் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

பின்பக்கத்தில் முகவரி இருந்தது. ஹயேன், கல்படித் தெரு, பதினான்காம் எண், மூன்றாம் மாடி, இடது கதவு.

நான் பிறந்த வீடு.

வரிசையில் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். பெகோன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அம்மா அண்ணன் கையிலிருந்து அட்டையை மெதுவாக உருவி, அதை அதன் சொந்தக்காரரின் சட்டைப் பையில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் ஒரு கால் வைத்தாள். பிறகு நினைவு வந்தவள் போல நின்றாள்.

"ஃபெர்மின், உன்கிட்ட ஒரு சாவி இருக்குல்ல, அது இருக்கட்டும். இனிமே மட்டும் கதவத் தட்டிட்டு வா."