தென்றலுக்கு ஒரு கெமிஸ்ட்ரி சீட்

"நீ வாயே தொறக்காதே அம்மிணி. நான் பேசிக்கறேன்" என்று நஞ்சுண்டன் மகளின் காதோரம் சொன்னார்.

தென்றல் தலையாட்டினாள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

அமெரிக்காவில் எடிசன் என்ற இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் வெயிலிலிருந்து உள்ளே வந்தால் பள்ளிக்கூடம் ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்தது. காலுக்குக் கீழே கம்பளம். எங்கும் காப்பி வாசனை. தூரத்தில் யாரோ பெரிய வாத்தியம் ஒன்றை ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். லீவு நாளில்!

ஊரில், கோபியில், ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. பத்தாவதில் அவள்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். ஆனாலும் ஒவ்வொரு ஹெட்மாஸ்டரும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "ஹிஸ்டரி குரூப் தர்றமுங்க. கெமிஸ்ட்ரி மட்டும் கேக்காதீங்க."

அவளுக்குக் கெமிஸ்ட்ரிதான் வேண்டும். சின்ன வயதில் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள். அடுப்பே இல்லாமல் அது கொதிக்கும் சத்தத்தைக் கேட்டாள். அன்றிலிருந்து வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எந்த மாணவர் எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்து கொடுக்கும் கவுன்சிலர், மிசஸ் டோனோவன் என்ற அம்மாள். அவர் மேசை மேல் அப்பா ஒரு டப்பாவை வைத்தார். ஓக் ட்ரீ ரோடில், நம்மூர்க் கடையில் வாங்கிய மைசூர்பாகு. பிறகு, வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்த இங்கிலீஷை ஒப்பிக்க ஆரம்பித்தார்.

மகள் கெட்டிக்காரி. தயவு செய்து கெமிஸ்ட்ரி கொடுக்க வேண்டும். செய்முறை வகுப்பெல்லாம் வேண்டாம். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து பாடத்தைக் காதால் கேட்டுக்கொண்டால் போதும். யாருக்கும் தொந்தரவு தரமாட்டாள்.

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் நின்றது.

தென்றல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹானர்ஸ் ஆர் ரெகுலர்?" என்று கேட்டார் மிசஸ் டோனோவன். வாய் நிறைய மைசூர்பாகு.

அப்பாவுக்குப் புரியவில்லை. தென்றலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கெமிஸ்ட்ரி உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. பெரிய கெமிஸ்ட்ரியா, சாதா கெமிஸ்ட்ரியா என்பதுதான் கேள்வி.

"ஹானர்ஸ்" என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ஓகே. வாட் எல்ஸ்?"

வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்! கோபியில் ஒரு குரூப் எடுத்தால் மற்ற கதவெல்லாம் சாத்திவிடும். இந்த அம்மாள் ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டே போனார். களிமண்ணில் பாண்டம் செய்வது. கோரஸ் பாடுவது. வானசாஸ்திரம். கார் ரிப்பேர். சமையல். இப்போதே படித்து வைத்தால் பின்னால் காலேஜ் கணக்கில் சேரும் பாடங்கள். எதோடு எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாமாம்.

"ஏம்மிணி, சமையலுக்கும் மார்க்குப் போடுவாங்களாமா!" அப்பாவின் குரல் அடங்கிப் போயிருந்தது. "கார் ரிப்பேரு மட்டும் வேண்டாம்னு சொல்லிப்போடு."

அப்புறமும் அவருக்கு மனசு கேட்கவில்லை. செய்முறை வகுப்பு வேண்டாம் என்று மறுபடியும் ஆரம்பித்தார். லேப் இல்லாமல் கெமிஸ்ட்ரி ஏது என்று மிசஸ் டோனோவன் சிரித்தார். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க வந்தவர் மிஸ்டர் ருஸ்ஸோ. கெமிஸ்ட்ரி வாத்தியார். அதிகம் பேசவில்லை. இரண்டு பேரையும் நேராக லேபுக்கு அழைத்துப் போனார்.

கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை. கந்தகம். அதற்கும் அடியில் பெயர் தெரியாத நூறு வாசனைகள். கோயில் கருவறை வாசலில் நிற்பது போல நின்றுவிட்டாள் தென்றல்.

ருஸ்ஸோ அவள் கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சில்லென்ற கல் மேசை. தண்ணீர்க் குழாய். கேஸ் குழாய். பீக்கரின் உதடு. பிறகு உள்ளங்கையில் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து, அதன் பொத்தானை அழுத்தினார். அது வாயைத் திறந்து ஒரு எண்ணைச் சொன்னது.

"பேசுது!" என்றார் அப்பா.

தென்றல் அதன் நுனியை விரல்களுக்குள் மூடி வைத்து மறுபடி அழுத்தினாள். எண் ஏறியிருந்தது. அவளுடைய சூட்டைத்தான் அது எண்ணாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் தீக்குச்சி கிழித்த சத்தம். கேஸ் அடுப்பு புஸ்ஸென்று பற்றியது. கன்னத்தில் வெப்பம் பட்டது. தன்னை மறந்து கையை நீட்டி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"ஸ்டாப்!"

தென்றல் கையை இழுத்துக்கொண்டாள். கடைசியில் இங்கேயும் அதே வார்த்தைதான்.

ஒரு டிராயர் திறந்து மூடியது. ருஸ்ஸோ எதையோ அவள் கையில் திணித்தார். ரப்பர் பட்டை. வளைந்த பிளாஸ்டிக். லேபில் கண்ணுக்கு மாட்டிக்கொள்ளும் கண்ணாடி. அது இல்லாமல் நெருப்புக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது, போனால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார்.

நஞ்சுண்டன் சங்கடமாகச் சிரித்தார். "சார், ஷி இஸ் பிளைண்ட் சார். பை பர்த். ஒய் கிளாஸ் ஃபார் ஹர் சார்?"

"எவ்ரிபடி" என்றார் ருஸ்ஸோ. அந்தக் குரலில் இரக்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

தென்றல் கண்ணாடியை மாட்டி, பட்டையை ஜடைக்கு மேலே இழுத்து இறுக்கினாள். காதோரம் வலித்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.