பெருக்கும் வாரம்

"அந்தக் கிழவர் என் வாரத்தைத் திருடிட்டார்!"

மாடிப்படியில் நின்று ஃப்ராவ் ரெம்ப் போட்ட சத்தத்தில், மேல்வீட்டு ஃப்ராவ் அக்சோய் மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தாள்.

"எதைத் திருடினார்?"

"பெருக்கும் வாரத்தை!"

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆளுக்கொரு வாரம் படியையும் வாசல் நடைபாதையையும் பெருக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அடுத்த கதவுக்கு மாற்றிவிட வேண்டும். கீழ்வீட்டு ஹெர் ஷ்வெங்க் மாற்றவில்லை. போன முறையும் இப்படித்தான், பலகை இரண்டு வாரம் அவர் கதவிலேயே தொங்கியது.

"விடுங்க ஃப்ராவ் ரெம்ப். வயசானவர், ஏதோ ஆசையா பெருக்கறார். நமக்கு லாபம்தானே?"

"லாபமா? நான் சோம்பேறின்னு எதிர்வீட்டுக்காரி நினைக்க மாட்டாளா? அவ ஜன்னலை விட்டு நகர்றதே இல்ல!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே!"

விடுவிடுவென்று கீழே இறங்கினாள். அவர் கதவிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ஹெர் ஷ்வெங்க் நடைபாதையில் முட்டி போட்டு, துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த வசந்தத்தில்தான் பதித்த நான்கு சின்னப் பித்தளை நினைவுக் கற்கள். ஒவ்வொன்றிலும் 'இங்கே குடியிருந்தார்' என்று எழுதி, கீழே ஒரு பெயர், கொல்லப்பட்ட இடம். நாஜிகள் யூதர்களை இழுத்துப்போனபோது இரண்டாம் மாடியில் இருந்த லோவென்கார்ட் குடும்பம்.

"ஹெர் ஷ்வெங்க்! இது யாரோட வாரம்?"

"உங்களோடது இல்ல."

"உங்களோடது போன வாரமே முடிஞ்சுது! இனிமே உங்களுக்கு முறையே வேணாம்னு குடியிருப்போர் கூட்டத்துல சொல்லப்போறேன்."

கிழவர் தேய்ப்பதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"அதை மட்டும் செஞ்சிடாதீங்க. போன வாரம் என்னோடது. இந்த வாரம் இவங்களோடது."

"எவங்களோடது?"

அவர் கற்களைக் காட்டினார்.

"குடியிருக்கிற எல்லாருக்கும் முறை உண்டுன்னு நீங்கதானே சட்டம் பேசுவீங்க? இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க. அவங்களால வர முடியாது. அவங்களுக்காக நான் பெருக்கறேன்."

"அதுக்கு நீங்கதானா கிடைச்சீங்க?"

அவர் துணியை மடித்தார்.

"போலீஸ் வந்து அவங்களைக் கூட்டிட்டுப் போனப்போ எனக்கு ஏழு வயசு. இந்தப் படியிலதான் இறங்கிப் போனாங்க. அது அவங்க வாரம். பெருக்காமப் போயிட்டாங்கன்னு வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட எங்கம்மா புகார் பண்ணினாங்க."

ஃப்ராவ் ரெம்ப் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போய், பலகையை அவர் கதவிலேயே மாட்டினாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"முதல் படி மூலையில தூசி இருக்கு, ஹெர் ஷ்வெங்க்! அந்தக் குடும்பத்து மேல இன்னொரு புகார் வரணுமா?"